வலைக்கூண்டும் ஆடுகளமும்: ஐவர் கால்பந்து உலகக் கோப்பையின் வரலாறும் கொங்கு நாடும்

1. கேள்வி

இரவு ஒன்பது மணிக்கு மேல் சரவணம்பட்டி, பீளமேடு, வடவள்ளிப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. உயரமான கம்பங்களில் வெள்ளை விளக்குகள், கீழே செயற்கைப் புல், நாற்புறமும் தலைக்கு மேலும் நைலான் வலை. உள்ளே வண்ண வலைச்சட்டை போட்ட ஒரு கூட்டம், போடாத ஒரு கூட்டம். ஒரு மணி நேர வாடகையை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு ஆடுகிறார்கள். நேரம் முடியும் முன்பே அடுத்த குழு வாசலில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கும். திருப்பூர், ஈரோடு, சேலத்திலும் இதே டர்ஃப்கள் வந்துவிட்டன. கொங்கு நாட்டில் சென்ற தலைமுறையைவிட இந்தத் தலைமுறையில் கால்பந்தைத் தொட்டவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்றால், அதற்கு இந்த வலைக்கூண்டுகளே முதற்காரணம்.

ஐந்து பேர் கொண்ட அணிகள் உள்ளரங்கில் ஆடும் கால்பந்துக்கு ஒரு உலகக் கோப்பை இருக்கிறது. ஃபுட்சால் என்ற பெயரில் ஃபிஃபா அதை 1989 முதல் நடத்துகிறது; 2024 வரை பத்து முறை நடந்திருக்கிறது. ஆசியக் கோப்பை 1999இல் தொடங்கியது. அதன் தகுதிச் சுற்றில் இந்திய ஆண்கள் அணி முதன்முறையாகக் கால்வைத்தது 2023 அக்டோபரில், தஜிகிஸ்தானின் துஷான்பேயில். மூன்று ஆட்டங்கள், மூன்றும் தோல்வி.

சிறிய களக் கால்பந்து இவ்வளவு பரவிய வட்டாரத்தில் ஃபுட்சால் ஏன் முறையான விளையாட்டாக வேரூன்றவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பணம் இல்லை, அரங்கம் இல்லை, கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பவை வழக்கமான பதில்கள். உலகக் கோப்பையின் வரலாற்றை அருகிலிருந்து பார்த்தால் இவற்றில் முதலிரண்டும் நிற்பதில்லை.

2. ஒரே வேரில் மூன்று ஆட்டங்கள்

ஃபுட்சாலின் பிறப்பிடம் பற்றி உருகுவேக்கும் பிரேசிலுக்கும் இடையே பழைய வழக்கு ஒன்று உண்டு. பெரும்பாலோர் ஏற்கும் கணக்குப்படி, 1930இல் மான்டிவிடியோ நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இதை உருவாக்கினார். அந்த ஆண்டுதான் உருகுவே தன் மண்ணில் முதல் கால்பந்து உலகக் கோப்பையை வென்றது. ஊரெங்கும் சிறுவர்கள் பந்தோடு திரிய, ஆட இடமில்லாமல் கூடைப்பந்துக் களங்களுக்குள் புகுந்தார்கள். செரியானி அவர்களை விரட்டவில்லை. விதி எழுதிக் கொடுத்தார். அணிக்கு ஐவர் என்பதையும் நாற்பது நிமிட ஆட்டத்தையும் கூடைப்பந்திலிருந்தும், களத்தின் அளவையும் கோல் கம்பத்தின் அளவையும் கைப்பந்திலிருந்தும் (ஹேண்ட்பால்), கோல்கீப்பருக்கான விதிகளை நீர்ப்பந்தாட்டத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். பிரேசில் தரப்போ, மைதானம் கிடைக்காத சாவ் பாவ்லோ ஒய்.எம்.சி.ஏ. இளைஞர்கள் 1940களில் கூடைப்பந்துக் களத்தில் ஆடியதே தொடக்கம் என்கிறது. உருகுவேயின் சான்று காலத்தால் முந்தியது. ஆனால் ஆட்டத்தைச் செப்பனிட்டு, லீகும் சங்கமும் வைத்து வளர்த்தது பிரேசில் என்பதை மறுக்க முடியாது. இரண்டு கதையிலும் இடம் ஒன்றுதான்: ஒய்.எம்.சி.ஏ.வின் கூடைப்பந்துக் களம்.

இந்த ஒற்றுமை தமிழ்நாட்டுக்கு முக்கியமானது. கூடைப்பந்தை 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கியதும், வாலிபாலை 1895இல் ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் உருவாக்கியதும் அதே ஒய்.எம்.சி.ஏ. வட்டத்துக்குள்தான். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே தேறிய உடற்கல்வி ஆசிரியர்கள் வழியே கூடைப்பந்தும் வாலிபாலும் தமிழகத்துப் பள்ளிகளுக்குள் சென்றன. கொங்கு நாட்டில் அவற்றுக்கு நல்ல நிலம் வாய்த்தது. தி. சு. அவினாசிலிங்கம் செரியானியின் அதே 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்து, பின்னாளில் உடற்கல்விக்கென்றே தனிக் கல்லூரியையும் நடத்தியது. கோவையின் கல்லூரிகளும் ஆலை முதலாளிகளும் பந்தாட்டங்களைத் தாங்கிப் பிடித்தார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பி.எஸ்.ஜி. கோப்பை ஆகிய அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு நாட்டின் பெரிய அணிகள் இன்றும் கோவைக்கு வருகின்றன. மகளிர் கோப்பைக்கு ஒரு பம்ப் நிறுவனத்தின் பெயர் வழங்குகிறது. தொழில்நகரம் ஒரு விளையாட்டை எப்படி வளர்க்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மூன்றாவது ஆட்டம் மட்டும் இந்த வழியில் வரவில்லை. காரணம் எளிது. முதலிரண்டும் அமெரிக்காவில் பிறந்து, ஆங்கிலப் பாடநூல்களோடும் அமெரிக்கப் பயிற்றுநர்களோடும் கீழை நாடுகளுக்குப் பயணப்பட்டன. ஃபுட்சால் ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளுக்குள்ளேயே நாற்பது ஆண்டு வளர்ந்தது. நம் பி.டி. மாஸ்டர்கள் படித்த பாடத்திட்டத்தில் அது இல்லை. களம் இங்கே இருந்தது. விதிப்புத்தகம் வந்து சேரவில்லை.

3. எத்தனை உலகக் கோப்பைகள்?

ஃபிஃபாவின் பட்டியலைப் பார்ப்பவருக்கு வரலாறு 1989 ஜனவரியில் நெதர்லாந்தில் தொடங்கும். பதினாறு அணிகள்; இறுதியாட்டத்தில் பிரேசில் 2–1 என்று நெதர்லாந்தை வென்றது. அதற்கு முன்பே மூன்று உலகப் போட்டிகள் நடந்துவிட்டன என்பது அந்தப் பட்டியலில் தெரியாது.

1971இல் பிரேசிலில் ஃபிஃபுசா என்ற சர்வதேச அமைப்பு உருவானது. அதன் முதல் தலைவர் ஜோவா ஹாவலாஞ்ச். மூன்றாண்டு கழித்து ஃபிஃபாவுக்கே தலைவரான அதே மனிதர். ஃபிஃபுசா 1982இல் சாவ் பாவ்லோவில் பத்து நாடுகளைக் கூட்டி முதல் உலகப் போட்டியை நடத்தியது. இறுதியில் பிரேசில் 1–0 என்று பராகுவேயை வென்றது. 1985இல் ஸ்பெயினில் மறுபடியும் பிரேசில். 1988இல் ஆஸ்திரேலியாவில் பராகுவே 2–1 என்று பிரேசிலை வீழ்த்தியது. ஆட்டம் வளர்வதையும் தொலைக்காட்சி நாட்டம் கொள்வதையும் கண்ட ஃபிஃபா, ஃபிஃபுசாவோடு பேசிப் பார்த்து, உடன்பாடு எட்டாத நிலையில் தன் சொந்தக் கோப்பையைத் தொடங்கியது. ஹாவலாஞ்ச் தலைமையிலான ஃபிஃபா, ஹாவலாஞ்ச் தலைமையில் பிறந்த அமைப்பின் இடத்தை எடுத்துக்கொண்டது. எஞ்சிய ஃபிஃபுசா 2002இல் ஏ.எம்.எஃப். என்று உருமாறி இன்றும் தனியாக ஒரு உலகக் கோப்பை நடத்துகிறது.

இந்தப் பிளவு பிரேசிலின் வெற்றிக் கணக்கிலேயே தெரியும். 2008இல் சொந்த மண்ணில் ஸ்பெயினைப் பெனால்டியில் வென்றபோது அந்நாட்டுப் பத்திரிகைகள் ‘ஆறாவது முறை’ என்று கொண்டாடின. 1982, 1985 இரண்டையும் சேர்த்த கணக்கு அது. 2024 அக்டோபரில் தாஷ்கண்டில் அர்ஜென்டினாவை 2–1 என்று வென்றபோதும் ‘ஆறாவது முறை’ என்றே எழுதினார்கள். இம்முறை ஃபிஃபா கோப்பைகள் மட்டும்: 1989, 1992, 1996, 2008, 2012, 2024. இடையில் இரண்டு கோப்பைகள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. பிரேசிலுக்கு இது பெரிய இழப்பில்லை. பராகுவேக்கு அப்படியில்லை. உலகின் மிகச் சிறந்த அணியை இறுதியில் வென்ற 1988ஆம் ஆண்டு வெற்றி, ஃபிஃபா வரலாற்றில் நடக்காத ஒன்று. அங்கீகாரத்தின் பெயரால் ஒரு நாட்டின் சாதனையை அழிப்பது அநியாயம் என்பதே என் கருத்து. எந்த வரலாற்றாசிரியரும் 1982இலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

மற்ற கோப்பைகளை விரைந்து சொல்லிவிடலாம். 2000இல் குவாத்தமாலாவிலும் 2004இல் தைவானிலும் ஸ்பெயின். 2016இல் கொலம்பியாவில் அர்ஜென்டினா. கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021இல் லிதுவேனியாவில் போர்ச்சுகல். பெண்களுக்கு ஃபிஃபா உலகக் கோப்பை வர 2025 ஆனது. பிலிப்பைன்ஸில் நடந்த அதை பிரேசில் வென்றது. ஆண்கள் கோப்பை தொடங்கி 36 ஆண்டுகளுக்குப் பிறகு! ஆசியாவில் 2024 வரை நடந்த 17 கோப்பைகளில் ஈரான் 13, ஜப்பான் 4. வேறு யாருக்கும் ஒன்றுகூட இல்லை.

4. சென்னை, ஜூலை 2016

ஃபிஃபாவுக்கும் ஏ.எம்.எஃப்.புக்கும் இடையிலான இந்த வழக்கு தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2016 ஜூலை 15 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் பிரீமியர் ஃபுட்சால் என்ற நகர அணிகளின் லீக் தொடங்கியது. போர்ச்சுகலின் லூயிஸ் ஃபீகோ தலைவர். விராட் கோலி விளம்பரத் தூதர். பாட்டுக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான். மும்பைக்கு ரயன் கிக்ஸ், பெங்களூருவுக்கு பால் ஸ்கோல்ஸ், கோவாவுக்கு ரொனால்டினோ, கொல்கத்தாவுக்கு ஹெர்னான் கிரெஸ்போ, கொச்சிக்கு மிஷேல் சல்காடோ. சென்னை அணிக்கு வந்தவர் பிரேசிலின் ஃபால்காவ். மற்றவர்கள் பெருங்களக் கால்பந்தின் ஓய்வுபெற்ற நட்சத்திரங்கள். ஃபுட்சாலையே வாழ்க்கையாகக் கொண்டவர் இவர் ஒருவர்தான். உலகக் கோப்பைகளில் அவர் அடித்த கோல்கள் 48.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்தப் போட்டி அங்கீகாரம் இல்லாதது என்று அறிவித்தது. நடத்தியவர்கள் ஏ.எம்.எஃப்.பைச் சார்ந்த இந்தியச் சங்கத்தின் அனுமதியைக் காட்டினார்கள். இறுதியில் கொச்சியைப் பெனால்டியில் வென்று மும்பை கோப்பையை எடுத்தது. 2017இல் இரண்டாம் பதிப்பு நடந்தது, அத்தோடு சரி.

இந்தப் போட்டியைப் பற்றி இரண்டு பார்வைகள் உண்டு. ஃபுட்சால் என்ற பெயரையே இந்தியக் காதில் போட்டது இதுதான் என்பது ஒன்று. வெளிநாட்டு நட்சத்திரங்களை வைத்து நடத்திய கேளிக்கை என்பது மற்றது. முதலாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்கைப் பார்ப்போம்: அந்த இரண்டு ஆண்டுகளில் நம் மாவட்டங்களில் எத்தனை பேர் ஃபுட்சால் நடுவர் ஆனார்கள், எத்தனை பள்ளிகளுக்கு அந்தப் பந்து போனது? நுனியில் தொடங்கிய மரம் அது. ஃபால்காவ் சென்னையில் ஆடிய இரண்டு மாதத்தில், கொலம்பியா உலகக் கோப்பையில் பிரேசில் ஈரானிடம் பெனால்டியில் தோற்று வெளியேறியது. அதுவே அவருடைய கடைசி உலகக் கோப்பை. வென்ற ஈரான் வீரர்கள் தோற்ற அவரைத் தூக்கி மரியாதை செய்தார்கள். ஆசிய அணி ஒன்று அந்த உயரத்துக்கு வந்ததற்குப் பின்னால் இருந்தது பல்லாண்டு உள்நாட்டு லீக். அந்தத் தொடரில் ஈரான் மூன்றாமிடம் பெற்றது.

கூட்டமைப்பு தன் பங்குக்கு 2021 நவம்பரில் டெல்லியில் ஃபுட்சால் கிளப் போட்டியைத் தொடங்கியது. முதல் கோப்பை டெல்லி எஃப்.சி.க்கு. ஃபிஃபா கோப்பை தொடங்கி 32 ஆண்டு தாமதம் என்றாலும், 2023இல் தேசிய அணி உருவானது இந்தப் போட்டிக்குப் பிறகுதான்.

5. கூண்டுக்குள் நடப்பது ஃபுட்சாலா?

கோவை டர்ஃபில் ஆடப்படுவதையும் உலகக் கோப்பையில் ஆடப்படுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்கணக்கு ஏறக்குறைய ஒன்று என்பதால் இரண்டும் ஒரே ஆட்டம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது தவறு.

பந்திலிருந்து தொடங்கலாம். ஃபுட்சால் பந்து நான்காம் எண் அளவு. சுற்றளவு 62 முதல் 64 செ.மீ. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 65 செ.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது. காலடியிலேயே கிடக்கும் பந்து அது. அதனால் உள்ளங்காலால் பந்தை நிறுத்துவதும் இழுப்பதும் ஆட்டத்தின் அடிப்படை ஆகின்றன. டர்ஃபில் உருள்வது பெரும்பாலும் ஐந்தாம் எண் பந்து. செயற்கைப் புல்லில் ரப்பர் துகள்களுக்கு மேல் அதன் போக்கே வேறு.

அடுத்தது எல்லைக்கோடு. ஃபுட்சாலில் பந்து கோட்டைத் தாண்டினால் வெளியே போனது போனதுதான். காலால் உதைத்து உள்ளே அனுப்ப நான்கு நொடி. கூண்டில் பந்து வலையில் பட்டுத் திரும்பும், ஆட்டம் தொடரும். இந்தச் சின்ன வேறுபாடு மூளையின் வேலையையே மாற்றிவிடுகிறது. பந்து தப்பாது என்று தெரிந்தவன் பலமாக அடிப்பான். தப்பிவிடும் என்று அறிந்தவன் எடைபோட்டுக் கொடுப்பான். வட அமெரிக்காவில் சுவர் வைத்த உள்ளரங்கக் கால்பந்து ஒரு காலத்தில் பெரிய தொழில். அங்கிருந்து வந்த ஆட்டக்காரர்களோடு அமெரிக்கா 1989இல் மூன்றாமிடமும் 1992இல் இரண்டாமிடமும் பெற்றது. ஃபிஃபா தேர்ந்தது சுவரில்லாத ஆட்டத்தை. சுவரோடு வளர்ந்த அமெரிக்கா அதன்பின் இறுதியாட்டம் எதையும் காணவில்லை.

ஃபவுல் விதி இன்னும் முக்கியமானது. ஒரு பாதியில் ஓர் அணியின் ஆறாவது ஃபவுல் முதல், எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கும். கோலிலிருந்து பத்து மீட்டரில் இரண்டாவது பெனால்டிப் புள்ளியே உண்டு. ஐந்து ஃபவுல் ஆனபின் தடுப்பாட்டக்காரன் தொடத் தயங்குவான், ஆட்டம் திறக்கும். கோல்கீப்பர் தன் பாதியில் பந்தை நான்கு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. நேரக் காவலர் பந்து நின்றால் கடிகாரத்தை நிறுத்துவார். இருபது நிமிடப் பாதி என்பது முழு இருபது நிமிடம். இவை எதற்கும் டர்ஃபில் இடமில்லை. அங்கே நடுவரே இல்லை. வாடகை மணி முடிந்ததும் ஆட்டம் முடியும்.

டர்ஃபைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. வேலை முடிந்து வரும் இளைஞனுக்கு ஒரு மணி நேரம் ஓடியாட இடம் தருவது நல்ல காரியம். ஆனால் டர்ஃப் வணிக இடம். அடுத்த மணி நேரத்தில் அதே புல்லில் பாக்ஸ் கிரிக்கெட் நடக்கும். ஆட்டக்காரனை உருவாக்கும் பொறுப்பு அதற்கு இல்லை, நாமும் சுமத்த முடியாது.

6. பணம், அரங்கம், மரபு

பணமும் அரங்கமும் இல்லாததே தடை என்ற வாதத்துக்கு வருவோம். சாலமன் தீவுகள் பத்து லட்சம் மக்கள்கூட இல்லாத பசிபிக் நாடு. 2008 உலகக் கோப்பையில் ரஷ்யா அவர்களை 31–2 என்று தோற்கடித்தது. போட்டி வரலாற்றின் மிகப் பெரிய தோல்வி. நான்காண்டு கழித்துத் தாய்லாந்தில் அதே நாடு குவாத்தமாலாவை 4–3 என்று வென்றது. மறுபுறம், அந்தத் தாய்லாந்துக் கோப்பைக்கென்றே பாங்காக்கில் பெருஞ்செலவில் கட்டத் தொடங்கிய அரங்கம் காலத்தில் தயாராகாமல், ஃபிஃபா அதை ஒதுக்கிவிட்டு வேறு அரங்குகளில் ஆட்டங்களை நடத்தியது. கட்டடம் ஆட்டத்தை உண்டாக்குவதில்லை என்பதற்கு இரண்டும் போதும்.

கோவைக்கே ஓர் அனுபவம் இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்தக் களமாகக் கொண்டு 2018–19 ஐ-லீக் கோப்பையை வென்றது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று சாம்பியன் ஆனது இந்த ஊரில்தான். இரண்டு பருவம் கழித்து அந்த அணி ஐ-லீகிலிருந்தே மறைந்தது. வெற்றி வந்தது, கூட்டமும் வந்தது. ஊரில் வேர் இல்லை. உள்ளூர்ப் பள்ளி, கல்லூரி, மாவட்ட லீக் என்று கீழிருந்து கட்டப்பட்ட நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையோ தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழலாம். வாளையாறு தாண்டினால் கேரளத்தின் செவன்ஸ். அறுவடை முடிந்த வயலில் தற்காலிக கேலரி கட்டி, டிக்கெட் போட்டு, எந்தக் கூட்டமைப்பின் விதிக்கும் காத்திராமல் ஏழுபேர் கால்பந்து அங்கே செழித்திருக்கிறது. அப்படி நம் டர்ஃப் ஆட்டமும் தன் வழியில் வளரட்டுமே, எதற்கு ஃபுட்சால் விதி? இந்த மறுப்பில் பாதி சரி. அங்கீகாரம் மட்டுமே உயிர் தராது என்பதைச் செவன்ஸ் காட்டுகிறது. ஆனால் செவன்ஸை நிலைக்க வைத்திருப்பது ஊர்க் கமிட்டி, பருவம், கோப்பை, பார்க்க வரும் சனம் ஆகியவை. டர்ஃபில் பார்க்க வருவோர் இல்லை, பருவம் இல்லை, ஊர் இல்லை. அவரவர் நண்பர் குழு மட்டும் உண்டு. செவன்ஸை முன்மாதிரி என்று எடுத்தால், முதலில் வேண்டியது ஓர் ஊர்ப் போட்டி.

ஆகவே கொங்கு நாட்டில் தடையாக நிற்பது பணமோ அரங்கமோ அல்ல என்பது என் முடிவு. தென்னமெரிக்காவில் ஃபுட்சால் உடற்கல்வி ஆசிரியரின் கையில் பிறந்து, கூடைப்பந்துக் களத்தில் வளர்ந்தது. நம் ஊரில் அது ஆசிரியரைத் தாண்டி நேரே சந்தைக்கு வந்தது. உடற்கல்வி வழியே வந்த கூடைப்பந்து கோவையில் நிலைத்தது. சந்தை வழியே வந்த ஐவர் கால்பந்து இன்னும் ஒரு மணி நேர வாடகைக்குள் நிற்கிறது.

7. செய்யக்கூடியது

ஃபுட்சாலின் சர்வதேசக் களம் 38 முதல் 42 மீட்டர் நீளம், 20 முதல் 25 மீட்டர் அகலம். கைப்பந்துக் களத்தின் 40×20 அளவு இதற்குள் அடங்கும். நம் கல்லூரிகளில் கைப்பந்துக்குக் கோடு போட்ட சிமென்ட் களங்கள் இருக்கின்றன. கோல் கம்பத்தின் அளவும் இரண்டுக்கும் ஒன்றே, 3×2 மீட்டர். உள்ளூர் ஆட்டத்துக்குக் கூடைப்பந்துக் களமே போதும்; மான்டிவிடியோவில் தொடங்கியது அப்படித்தான். புதிதாக வாங்க வேண்டியது நான்காம் எண் பந்துகள். புதிதாகக் கற்க வேண்டியது விதிகள். நேரக் காவலர் வேலைக்கு மாணவர்களையே பழக்கலாம்.

கோவை மாவட்டக் கால்பந்துச் சங்கமும் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களும் சேர்ந்து, வரும் கோடை விடுமுறையில் பத்துப் பேருக்காவது ஃபுட்சால் நடுவர் பயிற்சி கொடுத்து, எட்டு அணிகளோடு ஒரு லீகைத் தொடங்க வேண்டும். பெண்கள் பிரிவையும் அதே நாளில் தொடங்க வேண்டும்; இந்தியப் பெண்கள் அணி ஆசியத் தகுதிச் சுற்றில் முதன்முறை ஆடியதே 2025 ஜனவரியில்தான் என்பதால், அங்கே முன்வரிசைக்குப் போக இன்னும் இடம் திறந்திருக்கிறது. கூடைப்பந்துக்குக் கோப்பை கொடுத்த பம்ப், ஆலை, பனியன் நிறுவனங்கள் இதற்கும் ஒரு கோப்பை கொடுக்க முன்வர வேண்டும். டர்ஃப் உரிமையாளர்கள் வாரத்தில் ஒரு மாலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தால், ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இருக்காது.